கல்லில் ஓட்டை வரைவது எப்படி? (சீன மை ஓவியம், அறிஞர் கற்கள், தாவோ)

#1 மைத்துளி

நிர்வாகிகளே, இது ஓவியப் பகுதிக்கா தத்துவப் பகுதிக்கான்னு தெரியல. தப்பான இடம்னா நகர்த்திடுங்க.

மூணு வருஷமா சீன மை ஓவியம் பழகறேன். வாத்தியார் கிடையாது. 1679ல முதல் பாகம் வந்த 'கடுகு விதைத் தோட்ட ஓவியக் கையேடு' இருக்கே, அதோட மறுபதிப்புதான் குரு. மூங்கில் வந்துடுச்சு. ஆர்க்கிட் இலை பத்துக்கு நாலு தேறும். கல் மட்டும் வரமாட்டேங்குது. சாதாரணப் பாறையைச் சொல்லல. உடம்பெல்லாம் துளையா, இடுப்பு ஒடுங்கி, தலை பெருத்து, இப்ப விழுமோ அப்ப விழுமோன்னு சீனாவோட சூச்சோ நகரத் தோட்டங்கள்ல நிக்குமே, அது. அறிஞர் கல்லுன்னு சொல்றாங்க. சின்னதா இருந்தா மரப்பீடத்துல ஏத்தி, எழுதற மேசை மேல வெச்சுப்பாங்க.

என் சிக்கல் துளைதான். சுத்திக் கோடு போட்டா வடை. உள்ள மையை நிரப்பினா யாரோ கல்லுல கரும்பொட்டு ஒட்டின மாதிரி இருக்கு. சுவான் தாள் வேற, தூரிகை பட்ட நொடியில மையை உறிஞ்சிடும். அழிக்கறதும் மேல வெள்ளை பூசறதும் நடக்காது. ஒரே கல்லுக்கு பதினஞ்சு தாள் கிழிச்சாச்சு.

அப்பதான் லியூ தான்ங்கற சீன ஓவியர் வரைஞ்ச கற்களோட அச்சுப்படங்களைப் பார்த்தேன். 1953ல நான்ஜிங்ல பிறந்தவர், இப்பவும் வரைஞ்சுக்கிட்டு இருக்கறவர். அவரோட துளைகள் வழியா காத்து போகுது. எப்படின்னு தேடினா எல்லாக் கட்டுரையும் 'அது தாவோ'ன்னு, அதாவது சீனத் தத்துவம் சொல்ற இயற்கையோட 'வழி'ன்னு முடிச்சுக்குது. இருக்கட்டும். அந்தத் தாவோவை எந்தத் தூரிகையில தொட்டு எடுக்கறதுன்னு யாராவது சொல்லுங்களேன்.

#2 நக்கல்நாயகம்

வடை நல்லா வந்திருந்தா படத்தைப் போடுங்க அக்கா. கல்லைப் பத்தி அப்புறம் பேசிக்கலாம்.

#3 வெற்றுத்தாள்

மைத்துளி, பதிலில் பாதி உங்கள் கையேட்டின் பெயரிலேயே இருக்கிறது. கடுகு விதைத் தோட்டம் என்பது நான்ஜிங்கில் லி யூ என்பவருடைய வீடு. நாடகம் எழுதியவர், புத்தகம் போட்டு விற்றவர், தோட்டம் அமைத்தவர். கையேட்டின் முன்னுரையும் அவருடையதுதான். அதற்குச் சில ஆண்டுகள் முன்பு எழுதிய ஒரு தொகுப்பில் கற்களைப் பற்றிப் பேசுகிறார். இங்கிருந்து அங்கே, அங்கிருந்து இங்கே நடந்துபோக வழி இருப்பதுபோல் தெரிந்தால் அது ஊடுருவல். கல்லின்மேல் கண்கள் திறந்து நாலு பக்கமும் நுணுக்கமாக இருந்தால் அது கசிவு. சாய்ந்துகொள்ள எதுவும் இல்லாமல் வெட்டவெளியில் தனியே நின்றால் அது மெலிவு. இவற்றோடு மேற்பரப்பின் மடிப்புச் சுருக்கத்தையும் சேர்த்து நாலு இலக்கணம் என்பார்கள். நாலையும் சோங் வம்ச காலத்து (10–13ஆம் நூற்றாண்டு) மி ஃபூவின் பெயரில் ஏற்றிச் சொல்வது மரபு. அதே காலத்துக் கவிஞர் சு ஷி தன் பங்குக்கு 'அவலட்சணம்' என்று ஐந்தாவதாக ஒன்றைச் சேர்த்தாராம். திட்டவில்லை, பாராட்டியிருக்கிறார்.

உங்களுக்கு வேண்டியது இதுதான்: கல்லின் கண் வட்டமாக இருக்கவே கூடாது என்கிறார் லி யூ. இயற்கையிலேயே வட்டமாக அமைந்துவிட்டாலும் பக்கத்தில் சில்லுக் கற்களை ஒட்டி முனை உண்டாக்கு என்கிறார். உங்கள் வடைக்கு முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே மருந்து எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறார் மனிதர்.

இன்னொன்று. நீங்கள் ஓட்டையை வரையப் பார்க்கிறீர்கள். எண்ணெய் ஓவியக்காரருக்கு அது முடியும், பின்னால் தெரியும் வானத்தை எடுத்து ஓட்டைக்குள் பூசிவிடுவார். மை ஓவியத்தில் ஓட்டை என்பது தூரிகை போகாத தாள். கல்லை வரைந்து முடித்தபின் மிஞ்சுவது. அதற்கென்று ஓரம் கிடையாது. கல் அங்கே முடிகிறது, அவ்வளவுதான்.

#4 கரட்டுமேடு

வணக்கம். ஓவியம் தெரியாது. முப்பது வருடம் நிலவியல் துறையில் கல்லோடு குடித்தனம் நடத்தி ஓய்வு பெற்றவன். கல் என்று தலைப்பைப் பார்த்ததும் உள்ளே வந்துவிட்டேன்.

சூச்சோ பக்கம் தை ஏரியில் கிடைப்பவை சுண்ணாம்புக் கற்கள். மழைநீர் காற்றிலும் மண்ணிலும் இருக்கும் கரியமில வாயுவை வாங்கிக்கொண்டு மெல்லிய அமிலமாகிறது. அது சுண்ணாம்பைக் கரைக்கிறது. ஆனால் துரப்பணம் போட்டதுபோல் நேராகக் குடையாது. ஏற்கெனவே உள்ள விரிசல், படிவ அடுக்குகளுக்கு நடுவே இருக்கும் இளக்கமான இடம், இவற்றைத்தான் பிடித்துக்கொண்டு போகும். இரண்டு விரிசல் சந்திக்கும் முடிச்சில் அகலமாகும். பிறகு அலையும் மணலும் முனைகளை மழுக்கும். ஆகவே ஒவ்வொரு துளைக்கும் ஒரு திசை உண்டு. அம்மா, நீங்கள் விரிசலை முதலில் மனதில் போட்டுக்கொள்ளுங்கள். துளை தானாக அதன்மேல் வந்து உட்காரும்.

எல்லா அறிஞர் கல்லுக்கும் இந்தக் கணக்கு செல்லாது. ஆன்ஹுய் மாகாணத்து லிங்பி கல் நுண்மணி கொண்டது, பெரும்பாலும் கருமை. செம்மண்ணுக்குள் புதைந்து கிடப்பதைத் தோண்டி எடுப்பார்கள். விரலால் சுண்டினால் வெண்கலப் பாத்திரம்போல் ஒலிக்கும். பழங்காலத்தில் கல்மணி செய்ததும் அதில்தான். அதற்குப் புடைப்பும் மடிப்பும்தான் அழகு. லிங்பி கல்லில் தை ஏரித் துளையைப் போட்டால் எங்களைப் போன்றவர்கள் சிரிப்போம்.

#5 மைத்துளி

ஐயா, ராத்திரி ஒரு மணி வரைக்கும் உட்கார்ந்தேன். விரிசல்லேர்ந்து ஆரம்பிச்சேன். துளை சாய்ஞ்சு, ஒரு பக்கம் கூர்மையா, ஒரு பக்கம் மழுங்கலா வந்தது. முழு வடை போய் கடிச்ச வடை ஆயிருக்கு. முன்னேற்றம்தான்.

கையேட்டுல 'சுன்'னு ஒரு வகைக் கோடு வருதே, கோடரி வெட்டு, சணல் நார், மேகச்சுருள்னு ஏகப்பட்ட பேர்ல. நான் அதை நிழல்னு நினைச்சு போட்டுக்கிட்டிருந்தேன். நீங்க சொன்னதுக்கு அப்புறம் பார்த்தா அதெல்லாம் விரிசலோன்னு தோணுது.

#6 வெற்றுத்தாள்

சுன் என்ற சொல்லுக்கே பனியில் வெடித்த தோல் என்றுதான் பொருள். வெளிச்சம் எந்தப் பக்கம் இருந்து வருகிறது என்று அந்தக் கோடு கவலைப்படாது. கல்லுக்கு உள்ளே என்ன நடந்தது என்பதைத் தோலில் காட்டும். கரட்டுமேடு ஐயா அறியாமலே ஓவியப் பாடம் எடுத்துவிட்டார்.

#7 தோபாயோ_தம்பி

சிங்கப்பூர்லேர்ந்து ஒரு தகவல். எங்க புளோக்ல கீழ்வீட்டு அங்கிள் சீனர், எண்பது வயசை நெருங்கறார். ஹால்ல டிவி பக்கத்துல தேங்காய் அளவுக்கு ஒரு கல், மரப்பீடத்து மேல. காலையில தேத்தண்ணி குடிக்கறப்ப அதையேதான் பார்த்துக்கிட்டு இருப்பார். ஒருநாள் "சாமியா அங்கிள்?"னு கேட்டேன். "இல்ல, கூட்டாளி"ன்னார்.

நம்ம பக்கம் சாளக்கிராமம் வெச்சு கும்பிடற மாதிரின்னு எடுத்துக்கலாமா?

#8 வெற்றுத்தாள்

அங்கிள் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார் தம்பி. சாளக்கிராமத்தில் பெருமாள் இருக்கிறார். அதனால் பூசை. இங்கே கல்லுக்குள் யாரும் இல்லை, யாரும் வரவும் வேண்டாம்.

மி ஃபூ கதை இதற்குத்தான். 1051இல் பிறந்தவர், சோங் காலத்தின் பெரிய கையெழுத்துக் கலைஞர்களில் ஒருவர், கொஞ்சம் பித்து. அதிகாரியாகப் போன ஊரில் விசித்திரமான பெரிய கல் ஒன்றைப் பார்க்கிறார். இது என் வணக்கத்துக்குத் தகும் என்று அதிகாரி உடையும் தொப்பியும் அணிந்துவந்து வணங்கி, 'அண்ணா' என்று கூப்பிடுகிறார். சோங் வம்ச வரலாற்றிலேயே இது பதிவாகியிருக்கிறது. அவர் வணங்கிய ஊரின் பெயர் வூ வெய். தாவோ நூல்களில் வரும், வலிந்து எதையும் செய்யாமை என்ற அதே வூ வெய், அதே இரண்டு எழுத்துகள். தற்செயல்தான். ஆனாலும் எனக்கு இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

#9 நக்கல்நாயகம்

அண்ணனைக் கும்பிட்ட கதை ஆச்சு. அந்த அண்ணன்களைச் சுமந்தவன் முதுகு ஒடிஞ்ச கதையையும் யாராவது சொல்லணும்ல? நானே சொல்லிடறேன்.

மி ஃபூவுக்கு வேலை கொடுத்த ராஜா ஹுய்சோங். ஓவியர், தாவோ பக்தர், தன்னையே தாவோ மதத் தலைவன்னு பட்டம் கட்டிக்கிட்டவர். தலைநகர் காய்ஃபெங்ல வடகிழக்கு மூலையில மலை எழுப்பினா வாரிசு பெருகும்னு தாவோ குரு ஒருத்தர் சொன்னாராம். 1117ல ஆரம்பிச்சு 1122ல முடிச்சாங்க. மலைக்குக் கல் எங்கேர்ந்து? தெற்கேர்ந்து, படகுல, அணியணியா. எவன் வீட்டுத் தோட்டத்துல நல்ல கல் இருந்தாலும் அதிகாரி வந்து மஞ்சத்துணி போட்டுட்டா அது ராஜா சொத்து. ஒரு பெரிய தை ஏரிக் கல்லுக்காக வழியில இருந்த பாலங்களை இடிச்சு, மதில்ல ஓட்டை போட்டுக் கொண்டுபோனாங்க. அந்தக் கல்லுக்குப் பிரபு பட்டம் வேற. சனங்க பொறுத்துப் பார்த்து 1120ல ஃபாங் லா தலைமையில கிளர்ச்சி பண்ணினாங்க. அதை அடக்கின சில வருஷத்துலயே வடக்கேர்ந்து ஜுர்ச்சென் படை. முற்றுகை நேரத்துல அந்த அருமைக் கல்லையெல்லாம் உடைச்சு கவண்ல வெச்சு எறிஞ்சிருக்காங்க. 1127ல ராஜா கைதியா வடக்கே போயாச்சு.

தாவோ ஞானி சுவாங் ட்சு கதை ஒண்ணு எனக்கும் தெரியும். கோயில் பக்கத்துல பிரம்மாண்ட மரம், எதுக்கும் உதவாத மரம், அதனால யாரும் வெட்டல, பிழைச்சுது. கல் விஷயத்துல தலைகீழ். எதுக்கும் உதவாததுதான் அழகுன்னு ஒருத்தன் சொன்னான், அன்னிக்கே கல்லுக்குக் கேடு வந்துடுச்சு.

#10 வெற்றுத்தாள்

நாயகம், கடைசி வரியை நான் எழுதியிருக்கக் கூடாதா என்று இருக்கிறது. மறுக்க எதுவும் இல்லை.

ஆனால் ஒரு தகவலை இதன் பக்கத்தில் வைக்கிறேன். 'தாவோ' என்ற லேபிளை இந்தக் கற்களின்மேல் காட்சிக்கூடங்கள்தான் ஒட்டின என்று நானும் ரொம்ப நாள் நினைத்தேன். கல் சேர்த்தவர்கள் பலர் கன்ஃபூசியஸ் படித்த அரசு அதிகாரிகள், சிலர் சான் (ஜென்) பௌத்தர்கள். தாவோ மதத்திலோ 'குகைச் சொர்க்கம்' என்று ஒன்று உண்டு. மலைக்குள் குகை, குகைக்குள் வேறொரு வானம், வேறொரு வெயில், அங்கே சித்தர்கள். பெரியவை பத்து, சிறியவை முப்பத்தாறு என்று பட்டியலே இருக்கிறது. பெரிய பத்தில் ஒன்பதாவது லின்வூ குகை. அது இருப்பது தை ஏரிக்குள், மேற்கு துங்திங் தீவில். பேர்போன தை ஏரிக் கற்களை எடுத்ததும் அந்தத் தீவில்தான், அதே சுண்ணாம்புப் பாறையில்.

அதாவது மேசைமேல் இருக்கும் துளைக்கல், பக்தர் நுழைந்துபோன குகையின் தாயாதி. லி யூ "நடந்துபோக வழி" என்று சொன்னதை உவமை என்று படித்துக் கடந்திருப்போம். அவர் காலத்து வாசகருக்கு அந்த வழி எங்கே போகும் என்றும் தெரிந்திருக்கும்.

சக்கரத்தின் குடம், பானையின் வயிறு, வீட்டின் வாசல், இவற்றின் வெறுமையால்தான் பயன் என்று தாவோ ஞானி லாவோ ட்சு சொல்வதை எல்லோரும் இங்கே கொண்டுவந்து ஒட்டுவார்கள். எனக்கு அது பொருந்தவில்லை. பானையின் வெறுமையில் தண்ணீர் பிடிக்கலாம். கல்லின் வெறுமையில் கண் நுழைவதைத் தவிர வேறு எதுவும் நடக்காது.

#11 கரட்டுமேடு

குகையும் கல்லும் ஒரே பாறை என்பது நியாயமான பேச்சு. ஆனால் ஒரு விஷயத்தை மூடி மறைக்கக் கூடாது. 12ஆம் நூற்றாண்டில் து வான் என்பவர் நூற்றுக்கும் மேற்பட்ட கல் வகைகளைத் தொகுத்து ஒரு பட்டியல் எழுதினார். தை ஏரிக் கல் பற்றி அவரே சொல்கிறார்: சரியாக அமையாத கல்லை உளியால் செதுக்கி, மறுபடி ஏரியில் போட்டுவைப்பார்கள். காலப்போக்கில் நீரும் அலையும் அடித்து உளித்தடம் மறைந்து இயற்கைக் கல்போல் ஆகிவிடும். அப்பன் போட்ட கல்லை மகன் எடுத்திருப்பான் போலும்.

லிங்பி கல்லையும் தோண்டியவுடன் வைத்துவிடுவதில்லை. மண்ணைச் சுரண்டி, தேய்த்து, மெருகேற்றித்தான் பீடத்துக்கு வரும்.

மனிதன் போட்ட துளையும் தண்ணீர் போட்ட துளையும் ஒன்றா? நிலவியல்காரனுக்கு ஒன்று இல்லை. தாவோக்காரருக்கு?

#12 தோபாயோ_தம்பி

கரட்டுமேடு ஐயா கேட்டதை அப்படியே அங்கிள் கிட்ட கேட்டேன். பதில் சொல்லல, கதை சொன்னார்.

தென்கடல் ராஜா ஒருத்தர், வடகடல் ராஜா ஒருத்தர். நடுவுல ஹுன் துன்னு ஒரு ராஜா. ரெண்டு பேரும் அடிக்கடி அவர் நாட்டுல சந்திப்பாங்க, அவரும் நல்லா உபசரிப்பார். கைமாறு செய்யணுமேன்னு யோசிச்சாங்க. "எல்லாருக்கும் பார்க்க, கேட்க, தின்ன, மூச்சுவிட ஏழு ஓட்டை இருக்கு. பாவம், இவருக்கு மட்டும் ஒண்ணும் இல்ல. நாம போட்டுக் கொடுப்போம்." ஒரு நாளைக்கு ஒரு ஓட்டை. ஏழாம் நாள் ஹுன் துன் செத்துட்டார்.

சொல்லிட்டு அங்கிள் தேத்தண்ணியை ஊத்தி கொடுத்தார். அவ்ளோதான்.

#13 மைத்துளி

பதினஞ்சு தாள் கிழிச்சவளுக்கு இந்தக் கதை ரொம்பப் பக்கத்துல வந்து உட்காருது. ஓட்டை போடறேன் போடறேன்னு கல்லைக் கொன்னிருக்கேன்.

#14 ஹட்சன்கரை

இத்தனை நாள் வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், இப்போது எழுதலாம் என்று தோன்றுகிறது. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் 2013 டிசம்பர் முதல் 2014 ஏப்ரல் வரை இன்றைய சீன மை ஓவியங்களுக்கு ஒரு பெரிய கண்காட்சி நடந்தது. தனிக் கூடத்தில் வைக்காமல் பழைய சீனக் கலைப் பொருள்கள் இருக்கும் அறைகளுக்குள்ளேயே வைத்திருந்தார்கள். அங்கே சூச்சோ கைவினைஞர்கள் வந்து கட்டிக்கொடுத்த மிங் பாணி முற்றம் ஒன்று உண்டு, நிஜமான தை ஏரிக் கற்களோடு. அதைப் பார்த்த கண்ணோடேயே ஜான் வாங் செய்த எஃகுக் கல்லையும் பார்த்தேன்.

ஜான் வாங் 1962இல் பெய்ஜிங்கில் பிறந்தவர். 1995 முதல் இதைச் செய்துவருகிறார். நிஜக் கல்லின்மேல் துருப்பிடிக்காத எஃகுத் தகட்டை வைத்துத் தட்டித் தட்டி அதன் ஒவ்வொரு மடிப்பையும் எடுத்து, துண்டுகளைப் பற்றவைத்து, கண்ணாடிபோல் மெருகேற்றுகிறார். உள்ளே கல் இல்லை. வெறும் கூடு. கண்ணாடிக் கட்டடங்களுக்கு முன்னால் பழைய கல்லை வைத்தால் பொருந்தவில்லை, அதற்கு இது என்பது அவருடைய வாதம். முதலில் எனக்கு எரிச்சல்தான் வந்தது, வீட்டு எவர்சில்வர் குடம்போல் பளபளவென்று. ஆனால் கிட்டே போனால் கல்லைப் பார்க்க முடியவில்லை. என் சிவப்பு ஸ்வெட்டர், காவலாளி, ஜன்னல், எல்லாம் நெளிந்து அதன்மேல் ஓடின. நகர்ந்ததும் எதுவும் மிச்சமில்லை.

2000இல் இதுபோல் ஒரு கல்லைச் சீனக் கடல் எல்லைக்கு வெளியே கொண்டுபோய் மிதக்கவிட்டுவிட்டார். யாராவது கண்டெடுத்தால் மறுபடி கடலில் விட்டுவிடுங்கள் என்று அதிலேயே எழுதிவைத்து.

#15 நக்கல்நாயகம்

துருப்பிடிக்காத தாவோ. பாத்திரக்கடையில கிலோ என்ன விலைன்னு கேட்டு சொல்லவா?

#16 வெற்றுத்தாள்

நாயகம், கேலி இருக்கட்டும். ஹட்சன்கரை எழுதியதைப் படித்ததும் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். தம்பியின் அங்கிள் சொன்ன ஹுன் துன் கதை சுவாங் ட்சுவின் ஏழாம் அத்தியாயத்துக் கடைசிப் பத்தி. அதற்கு நேர் முந்தைய பத்தி என்ன தெரியுமா? முழுமை பெற்றவர் மனதைக் கண்ணாடிபோல் வைத்துக்கொள்கிறார், போவதை வழியனுப்புவதும் இல்லை, வருவதை எதிர்கொண்டு அழைப்பதும் இல்லை, அந்த மனம் பதில் தருகிறது, எதையும் சேர்த்துவைப்பதில்லை. அடுத்த வரியில் ஹுன் துன் வந்து துளைபட்டுச் சாகிறார்.

ஜான் வாங் இதை மனதில் வைத்துச் செய்தார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் துளைத்த கல்லும் கண்ணாடியும் அடுத்தடுத்த பத்தியில் இருக்கின்றன.

#17 மைத்துளி

இப்ப எனக்கு ஒரு சங்கடம். நான் கும்பிட்டுக்கிட்டிருந்த லியூ தானே ஹுன் துன்னைத் துளைக்கிறவரோன்னு தோண ஆரம்பிச்சுடுச்சு.

அவர் படத்தை உருப்பெருக்கியில பாருங்க. ஒரு இடம்கூட 'சும்மா' விடல. கல்லோட ஒவ்வொரு நரம்பும், ஒவ்வொரு குழியும் நீர்த்த மையில அடுக்கடுக்கா. கையெழுத்து மாதிரி ஒரே வீச்சுல போற கோடு கிடையாது. சின்ன வயசுல தாத்தாகிட்ட செவ்விலக்கியமும் கையெழுத்தும் படிச்சிருக்கார். அதோட இத்தாலிய மறுமலர்ச்சிக் கோட்டோவியங்களை அச்சுப்படத்துல பார்த்து வரைஞ்சும் பழகியிருக்கார். 1981லேர்ந்து கால் நூற்றாண்டு போல அமெரிக்காவுல, முதல்ல ஹவாய், அப்புறம் நியூயார்க். அந்தப் பென்சில் கட்டுப்பாடு அப்படியே தெரியுது. நாலே வீச்சுல கல்லை நிறுத்தின பழைய ஆட்கள் பக்கத்துல வெச்சா, இது தாவோவா, இல்ல பொறுமையான்னு சந்தேகம் வருது.

#18 ஹட்சன்கரை

அப்படி ஒரு வாசிப்பு உண்டு. ஆனால் விவரமாக வரைந்ததாலேயே தாவோ போய்விட்டது என்றால் மிங் காலத்து ஓவியர் வூ பின்னை என்ன செய்வது? 1610இல் மி வான்சோங் என்ற கல் பைத்தியத்துக்காக, அவரிடம் இருந்த ஒரே ஒரு லிங்பி கல்லைப் பத்துப் பக்கத்திலிருந்து வரைந்தார். பத்தும் ஒரே நீளச் சுருளில். சுருளைப் பிரிக்கப் பிரிக்க அதே கல்தான். ஆனால் ஒருமுறை தீ, ஒருமுறை மேகம், ஒருமுறை சாமியாடுகிறவர் கை. நுணுக்கத்தில் குறைவே இல்லை. பத்தாவது பார்த்து முடித்தால் கல்லை அறிந்துகொண்டோம் என்று தோன்றுவதற்குப் பதில் பதினொன்றாவது எங்கே என்று தேடுகிறோம்.

#19 வெற்றுத்தாள்

நானும் லியூ தான் கட்சி. மைத்துளி, அவர் எதை விட்டிருக்கிறார் என்று பாருங்கள். தரை இல்லை. பீடம் பெரும்பாலும் இல்லை. நிழல் விழவில்லை. கைக்குள் அடங்கும் கல்லை ஆள் உயரத்துக்கு வரைந்து வெறும் தாளில் மிதக்கவிடுகிறார். பக்கத்தில் மனிதனோ மரமோ இல்லாததால் அது விரற்கடையா மலையா என்று கண் தடுமாறுகிறது. நிலக்காட்சியைத் தேடிப் போகாமல் அதன் கருவை எடுத்துவைத்துப் பார்க்கிற வேலை.

அவரிடம் பயின்ற தை சியாங்சோ, 1968இல் யின்சுவானில் பிறந்தவர், இன்னும் ஒரு படி போகிறார். அவருடைய கற்கள் விண்கற்கள்போல் இருளில் உருண்டு வருகின்றன. மலை, பாறை என்று பெயர் வைப்பதற்கு முந்தைய குழம்பல், அதாவது ஹுன் துன் செத்ததற்கு முந்தின நாள். சில படங்களில் அது கொஞ்சம் திரைப்படக் காட்சிபோல் ஆகிவிடுகிறது, ஒப்புக்கொள்கிறேன். நல்ல படங்களில் இல்லை.

நாலே வீச்சில் கல் நிறுத்துவது பெரிய காரியம்தான். ஆனால் இன்றைக்கு அந்த நாலு வீச்சைப் பள்ளிப் பிள்ளைக்கும் சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள். தன்னியல்பு என்ற பெயரில் எல்லோரும் ஒரே மாதிரி வீசுகிறார்கள். அதற்குப் பதில் ஒரு மனிதர் மாதக்கணக்கில் ஒரு கல்லின் முன் உட்கார்ந்து, தன் கைப்பழக்கத்தைக் கழற்றி வைக்கிறார் என்றால் எனக்கு அது பக்கத்தில் வருகிறது.

#20 நக்கல்நாயகம்

உட்காரட்டும். உட்கார்ந்ததுக்கு விலை என்னன்னும் பார்த்துடலாம். ஹட்சன்கரை சொன்ன அந்தப் பத்துப் பக்கக் கல் சுருள் 1989ல நியூயார்க்ல 12 லட்சத்து 10 ஆயிரம் டாலர். 2020 அக்டோபர்ல பெய்ஜிங் ஏலத்துல 51 கோடி யுவானுக்கு மேல. சு ஷி வரைஞ்சதுன்னு சொல்ற பட்ட மரமும் கல்லும், 2018ல ஹாங்காங்ல 46 கோடி ஹாங்காங் டாலர். ராஜா படகுல இழுத்தார், இவங்க ஏலத்துல இழுக்கறாங்க.

ஆனா ஒண்ணு. மி வான்சோங் பேர் வந்ததால சொல்றேன். அந்த மனுஷன் பெய்ஜிங் பக்கத்து மலையில ஒரு ராட்சசக் கல்லைப் பார்த்து ஆசைப்பட்டு, வீட்டுக்கு இழுத்துக்கிட்டு வரப்போய் சொத்தெல்லாம் கரைச்சு பாதி வழியில விட்டுட்டாராம். 'குடிகெடுத்த கல்'னே அதுக்குப் பேர் ஆயிடுச்சு. பின்னாடி சியான்லுங் பேரரசர் எடுத்துக்கிட்டுப் போனார், இன்னிக்கும் பெய்ஜிங் கோடை அரண்மனையில கிடக்கு. இந்தக் கதை எனக்குப் பிடிக்கும். மத்தவன் குடியைக் கெடுக்காம தன் குடியையே கெடுத்துக்கிட்டான் பாருங்க.

#21 கரட்டுமேடு

என் வீட்டிலும் ஒரு கல் உண்டு, கதவு அடித்துக்கொள்ளாமல் இருக்க முட்டுக் கொடுத்தது. இந்த இழையைப் படித்ததிலிருந்து அதைக் காலால் தள்ள மனம் வரவில்லை. வீட்டு அம்மா காரணம் கேட்கிறார்.

#22 மைத்துளி

நாலு நாளா இழைக்கு வரல. வரைஞ்சுக்கிட்டு இருந்தேன்.

முதல்ல ஒரு முடிவு எடுத்தேன், துளையைப் பத்தி யோசிக்கறதில்லன்னு. கரட்டுமேடு ஐயா சொன்ன மாதிரி தாள்ல நகத்தால ரெண்டு மூணு விரிசல் கீறிக்கிட்டேன், மை இல்லாம. அப்புறம் நீர்த்த மையில கல்லோட உடம்பை ஒவ்வொரு மடிப்பா, விரிசல்லேர்ந்து விலகி வெளிப்பக்கமா வரைஞ்சுக்கிட்டே போனேன். ஒரு மடிப்பு வந்து இன்னொரு மடிப்பைத் தொடாம நின்ன இடத்துல நானும் நின்னேன். அங்க தாள் அப்படியே இருந்தது. காய்ஞ்சதும் பார்த்தா அந்த இடம் எனக்கு முன்னாடியே அங்க இருந்த மாதிரி இருக்கு. ஆழமான குழிகளுக்கு மட்டும் ரெண்டாவது நாள் அடர் மை. எது குழி, எது ஊடுருவல்னு முதல்லயே தீர்மானிக்கணும்ங்கறதும் அப்பதான் உறைச்சுது. முன்னாடி ரெண்டுக்கும் ஒரே மையைக் கொட்டிக்கிட்டிருந்தேன்.

லியூ தான் மாதிரி வரல, வரவும் வராது. படத்தை ஏத்தியிருக்கேன். திட்டறவங்க திட்டலாம்.

#23 நக்கல்நாயகம்

வடை தெரியல. ஏமாற்றம்.

#24 தோபாயோ_தம்பி

அங்கிள்கிட்ட போன்ல காட்டினேன். கண்ணாடி போட்டு ரொம்ப நேரம் பார்த்தார். போனைத் தலைகீழா திருப்பி மறுபடியும் பார்த்தார். அதுக்கு என்ன அர்த்தம்னு தெரியல அக்கா, கேட்கவும் இல்ல.

#25 கரட்டுமேடு

நன்றாக இருக்கிறது அம்மா. ஒரே ஒரு குறை. இடதுபக்கம் மேலிருந்து மூன்றாவது துளை எந்த விரிசலிலும் இல்லை. கெட்டிப் பாறையின் நடுவில் தனியாக இருக்கிறது. தண்ணீர் அங்கே போய்ச் சேர வழியே கிடையாது.

#26 மைத்துளி

கண்டுபிடிச்சுட்டீங்களா ஐயா. அது நானே உளி வெச்சது, அந்தப் பக்கம் ரொம்பக் கனமா தெரிஞ்சது. கொஞ்ச வருஷம் ஏரியில போட்டு வெச்சுட்டு எடுக்கறேன்.